பயிர் நோய்களும் அவற்றை எதிர்கொள்ளும் வழிகளும்: கோப்பித் தோட்டம் முதல் பூசணிப் பாத்தி வரை

க.பொ.த. (சாதாரண தரம்)
விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும்
மீட்டற் கட்டுரையும் மாதிரி வினாவிடைகளும்

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
• பயிர் நோய் ஒன்று உண்டாவதற்குத் தேவையான மூன்று காரணிகளை விளக்குவீர்கள்.
• கோப்பித் துரு நோய், தேயிலைக் கொப்புள நோய் ஆகியவற்றின் பரவலையும் அவற்றுக்கு எதிரான நடவடிக்கைகளையும் ஒப்பிடுவீர்கள்.
• பூசணிச் செய்கையில் ஏற்படும் பின்னடைவுகளுள் நோய் எது, நோயல்லாதது எது எனப் பிரித்தறிவீர்கள்.
• ஒன்றிணைந்த முகாமைத்துவத்தைப் பயன்படுத்திப் பரீட்சை வினாக்களுக்கு விடை எழுதுவீர்கள்.

1. அறிமுகம்

ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா எனத் தேயிலை மலைகள் சூழ்ந்த ஊர்களில் வாழும் மாணவர்களிடம், "உங்கள் குடும்பத்தினர் ஏன் தேயிலைத் தோட்டத்தில் குடியேறினர்?" என்று கேட்டால் பல விடைகள் கிடைக்கும். அவ்விடைகளுள் ஒன்று தாவரவியல் சார்ந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒரு பங்கசு, 1869 ஆம் ஆண்டுக்குப் பின்னர் இந்த மலைகளில் இருந்த கோப்பிச் செய்கையை அழித்தது. கோப்பி அழிந்த நிலத்தில் தேயிலை நடப்பட்டது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் தேவைப்பட்டன. பருவத்துக்கு வந்து திரும்பிய தொழிலாளர் குடும்பத்துடன் நிலையாகத் தங்கினர்.

ஆகவே பயிர் நோய் என்பது இலையில் தோன்றும் ஒரு புள்ளி மட்டுமன்று. அது ஒரு குடும்பத்தின் உணவையும், ஒரு நாட்டின் வருமானத்தையும், ஒரு சமூகத்தின் வரலாற்றையும் மாற்றக்கூடியது. அதே விதிகளே லயனின் பின்புறத்தில் நீங்கள் நாட்டும் ஒரு பூசணிக் கொடிக்கும் பொருந்தும். இக்கட்டுரையில் கோப்பி, தேயிலை, பூசணி ஆகிய மூன்றையும் வரிசையாக நோக்குவோம்.

2. நோய் எவ்வாறு உண்டாகின்றது?

தாவரமொன்றின் இயல்பான உடற்றொழில்கள் தொடர்ந்து பாதிக்கப்பட்டு, அதனால் அதன் வளர்ச்சியோ விளைச்சலோ குறைவடையும் நிலை நோய் எனப்படும். நோயை உண்டாக்கும் உயிரி நோயாக்கி எனப்படும். பங்கசு, பற்றீரியா, வைரசு என்பன முக்கிய நோயாக்கிகளாகும். நோயாக்கி தங்கி வளரும் தாவரம் விருந்து வழங்கி எனப்படும்.

நோயாக்கி இருந்தால் மட்டும் நோய் வந்துவிடாது. பின்வரும் மூன்றும் ஒரே காலத்தில் ஒன்றுசேர வேண்டும்.

(அ) வீரியமுள்ள நோயாக்கி
(ஆ) நோய்க்கு இடங்கொடுக்கும் விருந்து வழங்கி
(இ) நோயாக்கிக்குச் சாதகமான சூழல் (ஈரம், வெப்பநிலை, நிழல், காற்றோட்டமின்மை போன்றவை)

இவை மூன்றையும் ஒரு முக்கோணியின் மூன்று பக்கங்களாகக் கருதலாம். இது நோய் முக்கோணி எனப்படும். ஒரு பக்கத்தை அகற்றினால் முக்கோணி நிலைக்காது. பயிர்ப் பாதுகாப்பு முறைகள் அனைத்தும் இம்மூன்றில் ஏதேனும் ஒரு பக்கத்தை அகற்றும் அல்லது வலுவிழக்கச் செய்யும் முயற்சிகளே. இந்த ஒரு கருத்தை நன்கு விளங்கிக்கொண்டால், இப்பகுதியில் வரும் பெரும்பாலான வினாக்களுக்கு மனனம் செய்யாமலே விடை எழுதலாம்.

கவனிக்க: பயிருக்கு நேரும் ஒவ்வொரு பாதிப்பும் நோயன்று. நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் சில அதிகாலைகளில் உறைபனி விழுவதுண்டு. அப்போது தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்கு இலையும் கருகிப்போகும். இங்கு நோயாக்கி எதுவும் இல்லை. இதற்குப் பங்கசுநாசினி விசிறினால் பணம் வீணாகும், பயிர் மீளாது. போசணைக் குறைபாடு, நீர் தேங்குதல், மகரந்தச்சேர்க்கை நடைபெறாமை என்பவையும் இத்தகைய நோயல்லாத காரணங்களாகும்.

3. முதலாவது உதாரணம்: கோப்பித் துரு நோய்

3.1 நோய் வருவதற்கு முன்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் மலைநாட்டில் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. 1870களின் பிற்பகுதியில் சுமார் 275,000 ஏக்கரில் கோப்பி இருந்தது. ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு ஒரே பயிர் தொடர்ந்து சென்றது. இடையில் காற்றைத் தடுக்கும் காடும் பெரும்பாலும் விடப்படவில்லை. இவ்வாறு பரந்த நிலத்தில் ஒரே இனப் பயிரை மட்டும் செய்கை பண்ணுவது தனிப்பயிர்ச் செய்கை எனப்படும்.

3.2 நோய் தோன்றியமை

1869 இல் மடுல்சீமைப் பகுதியிலுள்ள கோப்பித் தோட்டமொன்றில் இலைகளின் கீழ்ப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் காணப்பட்டது. இலைகளின் மாதிரிகள் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் மூலம் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. அங்கு பங்கசு அறிஞர் பெர்க்லி அதை ஆராய்ந்து, அது அதுவரை அறியப்படாத ஒரு பங்கசு என்று கண்டு, ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். வஸ்டாட்ரிக்ஸ் என்னும் இலத்தீன் சொல் அழிவு செய்வது எனப் பொருள்படும். பெயருக்கேற்பவே பின்னர் நிகழ்ந்தது.

3.3 அறிகுறிகளும் பாதிப்பும்

• இலையின் மேற்பக்கத்தில் வெளிறிய மஞ்சட் புள்ளிகள் தோன்றும்.
• அவற்றுக்கு நேர் கீழே, இலையின் கீழ்ப்பக்கத்தில் இரும்புத் துருவைப் போன்ற செம்மஞ்சள் தூள் காணப்படும். இத்தூள் பங்கசின் வித்திகளாகும்.
• இலைகள் முதிருமுன் உதிரும். இலை குறைவதால் ஒளித்தொகுப்புக் குறையும், கிளைகள் நுனியிலிருந்து காயும், காய்கள் நிரம்பா.

நோய் மரத்தை உடனே கொல்வதில்லை. ஒரு பருவம் மரம் இலையுதிர்த்து, அடுத்த மழையில் மீண்டும் துளிர்க்கும். ஆகவே தோட்டத் துரைமார் பலர் இது கடந்துபோகும் ஒன்று என்றே எண்ணினர். மண் வளம் குன்றிவிட்டது எனக் கருதி மேலும் பசளை இட்டனர். அக்காலத்தில் உலகச் சந்தையில் கோப்பியின் விலை உயர்ந்திருந்தமையால் விளைச்சல் குறைந்ததும் உடனே உறைக்கவில்லை. விலை மறைத்த இழப்பைப் பின்னர் விலையால் ஈடுசெய்ய முடியாமற் போயிற்று.

3.4 மார்ஷல் வார்டின் ஆய்வு

1880 இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர் இந்நோயை ஆராய்வதற்காக இலங்கைக்கு அனுப்பப்பட்டார். 1882 வரை அவர் இங்கு தங்கி ஆராய்ந்து அறிக்கைகள் வெளியிட்டார். அவரது முறை எளியது, ஆனால் ஒழுங்கானது. ஒட்டும் பொருள் பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் வைத்து, காற்றில் வித்திகள் பரவுவதைக் காட்டினார். நீர்த்துளியில் வித்தி முளைப்பதையும், முளைக்குழாய் இலையின் கீழ்ப்பக்கத்திலுள்ள இலைவாய் வழியாக உள்ளே செல்வதையும் நுணுக்குக்காட்டியில் பின்தொடர்ந்தார்.

இதிலிருந்து இன்றும் பயன்படும் இரு முடிவுகள் கிடைத்தன.

முதலாவது: பங்கசு இலைக்குள் நுழைந்த பின்னர், இலையின் மேல் தூவும் மருந்து அதை எட்டாது. எனவே மருந்து, வித்தி முளைப்பதற்கு முன்னரே இலையில் இருக்கவேண்டும். அதாவது பாதுகாப்பு நோய்க்கு முந்த வேண்டும்.

இரண்டாவது: இடைவெளியின்றி ஒரே பயிரைப் பரப்பியமை பங்கசுக்கு முடிவில்லாத உணவை அளித்தது. காற்று வித்தியை எங்கு கொண்டு சென்றாலும் அங்கே கோப்பி இலை இருந்தது.

வார்ட் உண்மையைக் கண்டறிந்தார். ஆயினும் காலம் கடந்திருந்தது. நோய் மலைநாடு முழுவதும் பரவிவிட்டது. கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தனர். பெரும் பரப்பில் அது பயன்தரவில்லை. செப்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் கலந்து செய்யும் போர்தோக் கலவை பற்றிய செய்தி பிரான்சில் 1885 இல்தான் வெளியானது. அதற்கு முந்திய ஆண்டு, 1884 இல், தோட்டங்களுக்குக் கடன் வழங்கியிருந்த ஓரியண்டல் வங்கி முறிந்திருந்தது. தோட்டங்கள் கைவிடப்பட்டன. சம்பளம் நிலுவையான நிலையில் தொழிலாளர் பலர் வேலையும் இழந்தனர். நோய் வந்தது கோப்பி இலைக்கு. பட்டினி வந்தது அதை நம்பியிருந்தவர்களுக்கு.

3.5 பின்னடைவிலிருந்து மீட்சி

கோப்பிக்குப் பதிலாகச் சிலர் சிங்கோனா நட்டனர். எல்லோரும் ஒரே பயிருக்குத் தாவியதால் சந்தையில் அது மிகுந்து விலை வீழ்ந்தது. நிலைத்தது தேயிலையாகும். ஜேம்ஸ் டெய்லர் 1867 இல், அதாவது துரு நோய் வெளிப்படுவதற்கு இரு ஆண்டுகள் முன்னரே, லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். 1873 இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. கோப்பி வீழ்ந்தபோது, தேயிலையை எவ்வாறு நடுவது, எவ்வாறு பதனிடுவது என்னும் அனுபவம் ஏற்கெனவே ஒரு மலையில் இருந்தது. 1890களின் இறுதியில் தேயிலைப் பரப்பு 300,000 ஏக்கரைத் தாண்டியிருந்தது.

நினைவிற் கொள்க: மாற்றுப் பயிரைத் தேடவேண்டிய காலம், பழைய பயிர் அழிந்த பின்னரன்று, அது நன்றாக விளையும் காலத்திலேயே ஆகும்.

4. இரண்டாவது உதாரணம்: தேயிலைக் கொப்புள நோய்

4.1 நோயாக்கியும் அறிகுறிகளும்

தேயிலையும் நோய்க்குத் தப்பவில்லை. எக்ஸோபசிடியம் வெக்ஸான்ஸ் என்னும் பங்கசினால் ஏற்படும் கொப்புள நோய், அசாமில் 1868 இலேயே அறியப்பட்டிருந்தது. 1946 இல் அது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தோன்றியது.

• இளம் இலையில் ஊசிமுனை அளவான, ஒளி ஊடுருவும் சிறு புள்ளி முதலில் தோன்றும்.
• புள்ளி வட்டமாக விரியும். மேற்பக்கம் குழிந்து, கீழ்ப்பக்கம் கொப்புளம் போல் புடைக்கும்.
• கொப்புளம் வெண்ணிறமாகி வித்திகளை வெளிவிடும். பின்னர் கபில நிறமாகிக் காயும்.
• மொட்டும் இளந்தண்டும் தாக்கப்பட்டால் தளிர் முழுவதும் பட்டுப்போகும்.

முதிர்ந்த இலையை இந்நோய் தாக்காது. ஆனால் தேயிலையில் நாம் அறுவடை செய்வது இளந்தளிரையே. நோய் நேராக அறுவடையையே தாக்குகின்றது என்பதே இதன் கடுமையாகும்.

4.2 சாதகமான சூழல்

தொடர்ச்சியான மழை, பனிமூட்டம், குறைந்த சூரிய ஒளி, இலையில் நீண்ட நேரம் தங்கும் ஈரம் என்பன இந்நோய்க்குச் சாதகமானவை. ஆகவே ஹற்றன், தலவாக்கலை போன்ற மேற்குச் சரிவுகளில் தென்மேற்குப் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் இது கடுமையாகும். வெயில் மிகுந்த தாழ்நாட்டுத் தேயிலையில் பாதிப்புக் குறைவு.

4.3 முகாமைத்துவம்

கோப்பிக் காலத்தில் இல்லாத ஒன்று இப்போது இருந்தது. 1925 இல் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் நிறுவப்பட்டிருந்தது. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் அது இயங்கி வந்தது. செப்பு கலந்த பங்கசுநாசினிகளும் கிடைத்தன. ஆயினும் மருந்து மட்டும் போதவில்லை. நோய் முக்கோணியின் மூன்று பக்கங்களிலும் நடவடிக்கை எடுக்கப்பட்டது.

நோயாக்கிக்கு எதிராக: மழைக்காலத்தில் உரிய இடைவெளியில் செப்புப் பங்கசுநாசினி விசிறுதல். கொழுந்து பறித்தவுடன் விசிறுவதால் அடுத்த பறிப்புக்கு முன் கால இடைவெளி கிடைக்கும். புதிய தளிருக்கும் பாதுகாப்புக் கிடைக்கும்.

விருந்து வழங்கி தொடர்பாக: நோயைத் தாங்கும் இனங்களைத் தெரிந்து நடுதல். குறுகிய நாள் இடைவெளியில் கொழுந்து பறித்தல். இவ்வாறு பறிக்கும்போது, கொப்புளம் முதிர்ந்து வித்தி வெளிவருமுன் தாக்கப்பட்ட தளிர் செடியிலிருந்து நீக்கப்படுகின்றது.

சூழல் தொடர்பாக: மழைக்கு முன்னர் நிழல் மரங்களின் கிளைகளை வெட்டி ஒளியும் காற்றும் புகச் செய்தல். கவ்வாத்து வெட்டிய செடிகள் துளிர்க்கும் காலம் கடும் மழைக்காலத்தில் அமையாதவாறு திட்டமிடுதல்.

மேலும், நோய் சூரிய ஒளியுடன் தொடர்புடையது என அறியப்பட்டதால், சூரிய ஒளி கிடைக்கும் மணித்தியாலங்களைக் கணக்கிட்டு, விசிறல் தேவையா இல்லையா எனத் தீர்மானிக்கும் முறைகளும் உருவாகின. தேவையற்ற விசிறல் குறைந்தால் செலவும், பயிரில் தங்கும் இரசாயன எச்சமும் குறையும்.

கொப்புள நோய் இன்றும் மலைநாட்டில் உள்ளது. அது ஒழிக்கப்படவில்லை, கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டுள்ளது. முகாமைத்துவம் என்னும் சொல்லின் பொருள் இதுவே.

5. இரு நோய்களின் ஒப்பீடு

நோயாக்கி: கோப்பியில் ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ், தேயிலையில் எக்ஸோபசிடியம் வெக்ஸான்ஸ். இரண்டும் பங்கசுகள்.
இலங்கையில் அறியப்பட்ட ஆண்டு: கோப்பியில் 1869, தேயிலையில் 1946.
தாக்கும் பகுதி: கோப்பியில் விரிந்த இலையின் கீழ்ப்பக்கம், தேயிலையில் இளம் இலை, மொட்டு, இளந்தண்டு.
பரவும் வழி: இரண்டிலும் முக்கியமாகக் காற்றின் மூலம் வித்திகள். முளைப்பதற்கு இலையில் ஈரம் தேவை.
அறுவடையின் தாக்கம்: கோப்பியில் பழம் பறித்தாலும் நோயுற்ற இலை மரத்திலேயே இருக்கும், தேயிலையில் பறித்தலே நோயுற்ற தளிரை அகற்றும்.
ஆராய்ச்சி வசதி: கோப்பியில் நோய் தோன்றிப் பதினோர் ஆண்டுகளின் பின்னரே முழுநேர ஆய்வாளர் வந்தார், தேயிலையில் நோய் வருமுன்னரே ஆராய்ச்சி நிறுவகம் இருந்தது.
முடிவு: கோப்பிப் பெருந்தோட்டத் தொழில் வீழ்ந்தது, தேயிலைத் தொழில் நிலைத்தது.

கோப்பித் துரு 1970 இல் பிரேசிலிலும் கண்டறியப்பட்டது. இலங்கையில் தொழிலை வீழ்த்திய அதே நோயுடன் அந்நாடு இன்றும் கோப்பி விளைவிக்கின்றது. எதிர்ப்பினங்களும் பங்கசுநாசினியும் கண்காணிப்பும் அதற்குத் துணையாகின்றன. பங்கசு ஒன்றே; எதிர்கொண்ட அறிவே வேறு.

6. மூன்றாவது உதாரணம்: வீட்டுத் தோட்டப் பூசணி

பூசணி, மேரக்காய், வெள்ளரி, பாகல் என்பன ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மலைநாட்டில் குளிர் மிகுந்த உயரங்களில் பூசணி மெதுவாக வளரும். சற்றுத் தாழ்ந்த, வெயில் படும் சரிவுகளில் நன்கு படரும்.

பெரிய பூசணி வளர்க்கும் போட்டிகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன. 2023 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நிறுக்கப்பட்ட ஒரு பூசணி 1,247 கிலோகிராம் நிறையுடையதாக இருந்தது. இத்தகைய காய்க்காக ஒரு கொடியில் ஒரு காயை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்குவர். கொடியின் முழு உணவும் அந்த ஒரு காய்க்கே செல்லும். ஆனால் அக்காய் அழுகினாலோ வெடித்தாலோ அப்பருவத்தின் முழு உழைப்பும் போய்விடும். ஒரே பயிரை நம்பிய கோப்பித் தோட்டத்தின் நிலையும் இதுவே அல்லவா? வீட்டு உணவுக்காக வளர்ப்போர் ஒரு கொடியில் இரண்டு மூன்று காய்களை விடுவதும், ஒன்றுக்கு மேற்பட்ட கொடிகளை நடுவதும் பாதுகாப்பானதாகும்.

6.1 நோயல்லாத பின்னடைவுகள்

பிஞ்சு மஞ்சளாகி உதிர்தல்: பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக உள்ளன. பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு காணப்படும். முதலில் ஆண் பூக்களே தோன்றும். அவை உதிர்வது இயல்பு. பெண் பூவில் மகரந்தச்சேர்க்கை நடைபெறாவிடின் பிஞ்சு சில நாள்களில் மஞ்சளாகிச் சுருங்கி விழும். மழை நாள்களில் தேனீக்கள் குறைவாக வருவதால் இது மலைநாட்டில் அடிக்கடி நிகழும். இதற்குப் பரிகாரம் மருந்தன்று. காலையில் பூ விரிந்தவுடன் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் குறியில் தடவ வேண்டும்.

காய் வெடித்தல்: நீண்ட வறட்சியின் பின் திடீரெனப் பெருமழையோ மிகுந்த நீரோ கிடைப்பதால் ஏற்படும். மண்ணை மூடுபடையிட்டு ஈரத்தைச் சீராகப் பேணுதல் நன்று.

கொடி முழுவதும் வெளிறுதல்: வடிகால் இல்லாத இடத்தில் வேர் காற்றோட்டமின்றிப் பாதிக்கப்படும். சரிவு நிலத்திலும் குழியில் நீர் தேங்கலாம். மேட்டுப் பாத்தியில் நடுதல் வேண்டும்.

6.2 நோய்களும் பீடைகளும்

தூள் பூஞ்சண நோய் (பங்கசு): இலையின் மேல் வெண்ணிற மாப் பூசியது போன்ற படை தோன்றும். நெருக்கமான, நிழலான இடத்தில் பரவும். இலையில் நீர்ப்படலம் இன்றியும் இது பரவக்கூடியது. ஆரம்பத்தில் தாக்கப்பட்ட முதிர்ந்த இலைகளை நீக்குதல், போதிய இடைவெளி விடுதல், தேவையெனின் கந்தகப் பங்கசுநாசினி பயன்படுத்தல் என்பன உதவும்.

கீழ்ப்பூஞ்சண நோய்: மேற்பக்கத்தில் நரம்புகளால் எல்லைப்படுத்தப்பட்ட கோண வடிவ மஞ்சட் புள்ளிகளும், நேர் கீழே சாம்பல் நிறப் பூஞ்சணமும் காணப்படும். இலையில் ஈரம் தங்கும்போது பரவும். மாலையில் இலைகள் நனையுமாறு நீரூற்றாது காலையில் வேர்ப்பகுதியில் ஊற்ற வேண்டும்.

சித்திரவடிவ நோய் (வைரசு): இலையில் பச்சையும் மஞ்சளும் கலந்த திட்டுகள் தோன்றி இலை உருமாறும். காயில் புடைப்புகள் ஏற்படும். அழுக்கணவன் முதலிய சாறுறிஞ்சும் பூச்சிகள் இதைப் பரப்பும். நோயுற்ற கொடிக்கு மருந்து இல்லை. கொடியைப் பிடுங்கி அழித்து, பூச்சியையும் களைகளையும் கட்டுப்படுத்த வேண்டும்.

பழ ஈ (பீடை): ஈ இளங்காயைத் துளைத்து முட்டையிடும். புழுக்கள் உள்ளே உண்பதால் காய் அழுகும். இளங்காயைக் கடதாசிப் பையால் மூடுதல், தாக்கப்பட்ட காய்களைச் சேகரித்து ஆழமாகப் புதைத்தல் என்பன பயனுடையவை. அழுகிய காயைத் தோட்டத்தின் ஓரத்தில் வீசிவிட்டால் புழுக்கள் ஈக்களாகி மீண்டும் வரும்.

காயின் அடி அழுகல்: ஈர மண்ணில் காய் நேரடியாகத் தொடுவதால் மண்ணிலுள்ள பங்கசுகள் தாக்கும். காயின் கீழ் வைக்கோல் அல்லது பலகை வைக்க வேண்டும்.

6.3 எதையும் செய்வதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள்

1. பாதிப்பு எப்பகுதியில் தொடங்கியது? இளம் இலையிலா, முதிர்ந்த இலையிலா, காயிலா?
2. ஒரு செடியிலிருந்து மற்றதற்குப் பரவுகின்றதா, எல்லாச் செடிகளிலும் ஒரே நாளில் தோன்றியதா? பரவினால் நோயாக்கி அல்லது பீடை இருக்கலாம். ஒரே நாளில் தோன்றினால் உறைபனி, வறட்சி போன்ற காரணத்தைத் தேடுக.
3. முந்திய வாரத்தின் வானிலை எவ்வாறிருந்தது?
4. இலையைத் திருப்பிக் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தீர்களா?

விடைகளை ஒரு குறிப்பேட்டில் திகதியுடன் எழுதுங்கள். அடையாளம் காண முடியாவிடின் பாதிக்கப்பட்ட இலையுடன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை நாடலாம். இரசாயனம் பயன்படுத்துவதாயின் சுட்டுத்துண்டிலுள்ள அளவையும், அறுவடைக்கு முன் விடவேண்டிய நாள் இடைவெளியையும் தவறாது பின்பற்றுதல் வேண்டும்.

7. ஒன்றிணைந்த முகாமைத்துவம்

நோய்களையும் பீடைகளையும் ஒரே முறையால் அன்றி, பொருத்தமான பல முறைகளைச் சேர்த்துப் பொருளாதார ரீதியில் பாதிப்பு ஏற்படாத மட்டத்தில் வைத்திருத்தல் ஒன்றிணைந்த முகாமைத்துவமாகும்.

• சட்ட முறை: நோயுள்ள நடுகைப் பொருள்கள் நாட்டுக்குள் வராது தடுத்தல். இலங்கையில் 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு வழிசெய்கின்றது.
• பயிராக்கவியல் முறை: பயிர்ச் சுழற்சி, கலப்புப் பயிர்ச்செய்கை, இடைவெளி, வடிகால், எதிர்ப்பினங்கள்.
• பொறிமுறை முறை: நோயுற்ற பகுதிகளை அகற்றுதல், காய்களுக்குப் பை கட்டுதல்.
• உயிரியல் முறை: இயற்கை எதிரிகளைப் பேணுதல்.
• இரசாயன முறை: ஏனையவை போதாதபோது, உரிய அளவில்.

குறிப்பு: பூசணி நட்ட பாத்தியில் அடுத்த போகம் வெள்ளரியோ பாகலோ நடுவது பயிர்ச் சுழற்சி ஆகாது. அவை ஒரே குடும்பத்தவை. போஞ்சி, கோவா போன்ற வேறு குடும்பப் பயிரை நடவேண்டும்.

8. மாதிரி வினாக்களும் விடைகளும்

பகுதி அ: பல்தேர்வு

1. கோப்பித் துரு நோயின் வித்திகள் முளைத்து இலையினுள் நுழையும் வழி,
(1) வேர்மயிர் (2) இலைவாய் (3) பூ (4) தண்டின் பட்டை
விடை: (2)

2. தேயிலைக் கொப்புள நோய் கடுமையாவதற்கு மிகவும் சாதகமான நிலை,
(1) நீண்ட வறட்சி (2) கடும் வெயிலும் காற்றும் (3) தொடர் மழையும் குறைந்த சூரிய ஒளியும் (4) மண்ணில் பொற்றாசியம் மிகுதல்
விடை: (3)

3. சித்திரவடிவ நோயுற்ற பூசணிக் கொடிக்குச் செய்யவேண்டியது,
(1) செப்புப் பங்கசுநாசினி விசிறல் (2) யூரியா இடல் (3) பிடுங்கி அழித்தல் (4) நீரை நிறுத்தல்
விடை: (3). இது வைரசு நோயாகும். பங்கசுநாசினி வைரசைக் கட்டுப்படுத்தாது. இவ்விடத்திலேயே மாணவர் பலர் தவறுவர்.

பகுதி ஆ: அமைப்புக் கட்டுரை

வினா: ஹற்றன் பகுதியில் ஒரு மாணவி வீட்டுத் தோட்டத்தில் பூசணி நட்டாள். ஆனி மாத மழையில் பிஞ்சுகள் மஞ்சளாகி விழுந்தன. மழை ஓய்ந்த பின்னர், நெருக்கமாகப் படர்ந்த இலைகளின் மேல் வெண்ணிறத் தூள் தோன்றியது. அயலவர் ஒருவர், "இரண்டுக்கும் ஒரே மருந்தை அடி" என்றார்.

(i) இரு பாதிப்புகளுக்கும் காரணம் யாது?
(ii) அயலவரின் ஆலோசனை ஏற்புடையதா? விளக்குக.
(iii) அடுத்த போகத்தில் அவள் எடுக்கக்கூடிய மூன்று நடவடிக்கைகளை நோய் முக்கோணியுடன் தொடர்புபடுத்தி எழுதுக.

விடை:
(i) பிஞ்சு உதிர்ந்தமை மழையில் மகரந்தச்சேர்க்கை நடைபெறாமையால் ஆகலாம். வெண்தூள், தூள் பூஞ்சண நோயாகும், காரணம் பங்கசு.
(ii) ஏற்புடையதன்று. முதலாவது நோயன்று, கையால் மகரந்தச்சேர்க்கை செய்யவேண்டும். இரண்டாவதற்கு நோயுற்ற இலைகளை அகற்றிக் காற்றோட்டம் ஏற்படுத்தி, தேவையெனின் மட்டும் பங்கசுநாசினி இடலாம். பூ விரிந்திருக்கும் காலை வேளையில் மருந்து விசிறினால் தேனீக்களும் பாதிக்கப்பட்டுப் பிஞ்சு உதிர்தல் மேலும் கூடும்.
(iii) நோயாக்கி: பழைய கொடி மீதிகளை அகற்றி அழித்தல். விருந்து வழங்கி: அப்பாத்தியில் வேறு குடும்பப் பயிரை நட்டு, பூசணிக்குத் தாங்குதிறனுள்ள இனத்தை வேறிடத்தில் நடுதல். சூழல்: இடைவெளி கூட்டி, வெயில் படும் மேட்டுப் பாத்தியில் நடுதல்.

பகுதி இ: நீங்களே எழுதுக

"இலங்கையின் கோப்பிச் செய்கையை அழித்தது பங்கசு மட்டுமன்று." இக்கூற்றைத் தனிப்பயிர்ச் செய்கை, காலதாமதம், தவறான காரணங் காணல் ஆகிய மூன்றையும் கொண்டு விளக்குக.

9. முடிவுரை

1870களில் இம்மலைகளில் இருந்தவர்களிடம் உழைப்புக் குறைவாக இருக்கவில்லை, பணமும் இருந்தது. நோயின் வழியை உரிய காலத்தில் அறியாமையே குறையாக இருந்தது. இன்று அந்த அறிவு உங்கள் பாடப்புத்தகத்திலேயே உள்ளது. வீட்டின் பின்புறத்தில் ஒரு பூசணி இலை வாடியிருந்தால், மருந்துக் கடைக்குப் போகுமுன் அந்த இலையைத் திருப்பிப் பாருங்கள். மார்ஷல் வார்டும் தம் ஆய்வில் இலையின் கீழ்ப்பக்கத்திலேயே விடையைக் கண்டார்.